சிறுநீரகம் கொடுக்க வந்த மனைவி: ஒரு நிகழ்வு ஆய்வு

வட சென்னையில் ஒரு பெரிய மருத்துவமனையின் சிறுநீரகப் பிரிவில் உறுப்பு மாற்று ஒருங்கிணைப்பாளராக இருக்கிறேன். செவிலியர்களுக்கும் பயிற்சி மருத்துவர்களுக்கும் அறநெறி வகுப்பு எடுக்கும்போது இந்த நிகழ்வைத்தான் முதலில் எடுத்துப் பேசுவேன். இது ஒரே குடும்பத்தின் கதை இல்லை. ஒத்த நெருக்கடியோடு வந்த சில குடும்பங்களின் அனுபவத்தைச் சேர்த்து, வயது, தொழில், ஊர்ப்பக்கம் எல்லாவற்றையும் மாற்றி எழுதியிருக்கிறேன். ரகசியம் காப்பதைப் பற்றிய ஆய்வு, யாருடைய ரகசியத்தையும் தெருவுக்குக் கொண்டுவந்துவிடக் கூடாது.

நிகழ்வு

கணவருக்கு வயது 38. காசிமேட்டில் விசைப்படகு எஞ்சின் மெக்கானிக். பல வருடமாக முதுகுவலிக்கு மருந்துக்கடையில் வலி மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டே வேலை பார்த்திருக்கிறார். ரத்த அழுத்தம் இருப்பதே அவருக்குத் தெரியாது. கால் வீங்கி, மூச்சு வாங்கி, வாந்தியோடு வந்து சேர்ந்தபோது இரண்டு சிறுநீரகமும் ஏறக்குறைய வேலையை நிறுத்தியிருந்தன. அதிலிருந்து வாரத்துக்கு மூன்று நாள், ஒவ்வொரு முறையும் நாலு மணி நேரம் டயாலிசிஸ். அரசுக் காப்பீடு இருந்ததால் அதற்குப் பணம் கட்ட வேண்டியதில்லை. ஆனால் வேலை போய்விட்டது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். படகுகள் கரையில் நிற்கும் அந்த இரண்டு மாதத்தில்தான் பழுது வேலை குவியும். அவருடைய வருட வருமானத்தில் பெரிய பங்கு அப்போதுதான் வரும். அந்த வருடம் அது வரவில்லை.

மனைவிக்கு வயது 33. எர்ணாவூர்ப் பக்கம் பிறந்து வளர்ந்தவர். இறால் உரிக்கும் வேலைக்குப் போகிறார். பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகள்.

யார் சிறுநீரகம் கொடுப்பது என்று வீட்டில் பேச்சு வந்தது. மாமியாருக்குச் சர்க்கரை நோய், அதனால் அவர் கொடுக்க முடியாது. கணவரின் தம்பிக்கு ரத்த வகை பொருந்தியது. ஆனால் தம்பி மனைவி, "வீட்ல சம்பாதிக்கிறது அவரு ஒருத்தர்தான், சின்னப் புள்ளைங்க வேற இருக்கு" என்றார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. யாரும் மறுத்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. அடுத்து எல்லோரும் மனைவியைப் பார்த்தார்கள். அவருக்கு ஓ பாசிட்டிவ். ரத்தம், சிறுநீர், ஸ்கேன், சிறுநீரகம் எவ்வளவு வடிகட்டுகிறது என்ற சோதனை, ரத்தக்குழாய்களுக்கான சி.டி., இருவர் ரத்தமும் ஒத்துப்போகிறதா என்று பார்க்கும் கிராஸ்மேட்ச் எல்லாம் சரியாக வந்தன. எல்லாப் படிவத்திலும் கையெழுத்துப் போட்டிருந்தார். காகிதத்தைப் பார்த்தால் குறை சொல்ல எதுவுமே இல்லை.

ரத்தம் எடுக்கும் செவிலியர்தான் முதலில் கவனித்தார். ஒவ்வொரு ரிப்போர்ட் வரும்போதும் அந்தப் பெண், "இதுல ஏதாச்சும் கோளாறு காட்டுதா சிஸ்டர்?" என்று கேட்பாராம். கொடுக்க வருகிற எல்லோரும் கேட்கிற கேள்விதான். மற்றவர்களுக்கு "எல்லாம் நார்மல்" என்று சொன்னால் முகம் தெளியும். இவருக்கு வாடியது. அந்தச் செவிலியர் அதைத் தனக்குள் வைத்துக்கொள்ளாமல் என்னிடம் வந்து சொன்னார். இந்த நிகழ்வில் மிகப் பெரிய அறச்செயல் எது என்று கேட்டால், நான் இதைத்தான் சொல்வேன்.

தனியாகப் பேசியது

அதுவரை அவர் தனியாக வந்ததே இல்லை. மாமியார் கூடவே வருவார்; கேள்வி கேட்டால் பதிலும் அவரே சொல்வார். அவர் கெட்டவர் இல்லை, மகன் பிழைக்க வேண்டும் என்று தவிக்கிற தாய். ஆனாலும் உறுப்பு மாற்றுச் சட்டத்தின் 2014-ஆம் ஆண்டு விதிகள் இந்த இடத்தில் தெளிவாக இருக்கின்றன. உறுப்பு தருபவர் பெண் என்றால் கூடுதல் எச்சரிக்கை வேண்டும். அவருடைய சுதந்திரமான சம்மதத்தை, உறுப்பைப் பெறுபவர் அல்லாத வேறொருவர் உறுதிசெய்ய வேண்டும். இந்தியாவில் உயிரோடு இருந்து சிறுநீரகம் தருபவர்களில் பெரும்பாலோர் பெண்கள், பெறுபவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். அந்த விதி சும்மா வந்ததில்லை.

வேறொரு நாளில், கணவருக்குச் சிகிச்சை தரும் மருத்துவர் இல்லாமல், இன்னொரு மருத்துவரும் நானும் அவரோடு உட்கார்ந்தோம். சாப்பிட்டாயா, பிள்ளைகள் எந்த வகுப்பு என்று பேசிவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டோம். "நீ வேணாம்னு சொன்னது யாருக்குமே தெரியாதபடி நாங்க பாத்துக்க முடியும்னா, என்னம்மா சொல்லுவே?"

யோசிக்கவே இல்லை. "வேணாம்க்கா" என்றார். அப்புறம் அழுதார். "எனக்கு பயமா கீதுக்கா. குடுக்கலைன்னா புருஷனை நானே சாவடிச்சேன்னு சொல்லுவாங்க. குடுத்து எனக்கு ஒண்ணு ஆயிடுச்சுன்னா புள்ளைங்களை யாரு பாப்பாங்க?"

பயத்துக்கு ஒரு வரலாறு இருந்தது. 2004 சுனாமிக்குப் பிறகு மீனவக் குடும்பங்கள் பலவற்றை எர்ணாவூரில் குடியமர்த்தினார்கள். அங்கே பெண்கள் பலர் வறுமையில் சிறுநீரகத்தை விற்றது 2007-இல் வெளியே வந்தது. உறுப்பு விற்பனையைத் தடுக்கும் சட்டம் 1995-லேயே நடைமுறைக்கு வந்திருந்தும் தரகர்கள் உள்ளே வந்துவிட்டார்கள். அதற்கு முன்பே வில்லிவாக்கத்துக்குச் சிறுநீரகம் விற்கும் இடம் என்ற பெயர் இருந்தது. சென்னையில் சிறுநீரகம் விற்ற 305 பேரை 2001-இல் சந்தித்து நடத்திய ஆய்வு ஒன்று அடுத்த வருடம் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வந்தது. அவர்களில் 96 சதவீதம் பேர் கடனை அடைக்க விற்றவர்கள். விற்ற பிறகு குடும்ப வருமானம் சராசரியாக மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது, முக்கால்வாசிப் பேருக்குக் கடன் அப்படியே இருந்தது. 79 சதவீதம் பேர், வேறு யாரையும் இதைச் செய்யச் சொல்ல மாட்டோம் என்றார்கள். இந்தப் பெண் அந்த ஆய்வைப் படித்ததில்லை. ஆனால் விலாவில் நீளத் தழும்போடு, கூடை தூக்க முடியாமல் போன அக்காமார்களைப் பார்த்து வளர்ந்தவர்.

அதனால் உடனே "சரி, வேண்டாம்" என்று அனுப்பிவிடாமல், முதலில் அவருக்குத் தகவல் கொடுத்தோம். இன்றைக்குப் பெரும்பாலும் துளை வழியாகச் செய்கிற அறுவை; அந்த நீளத் தழும்பு வராது. கொடுத்தவர் உயிரிழக்கும் வாய்ப்பு சுமார் பத்தாயிரத்தில் மூன்று. மீதமுள்ள ஒரு சிறுநீரகம் தன்னைப் பெருக்கிக்கொண்டு முன்பிருந்த திறனில் ஏறக்குறைய 70 சதவீதம் வரை வேலை செய்யும். பிற்காலத்தில் அவருக்கே சிறுநீரகம் செயலிழக்கும் ஆபத்து, கொடுக்காத ஆரோக்கியமானவரைவிடக் கொஞ்சம் கூடுதல். பிறகு ஒரு குழந்தை பெற நினைத்தால் கர்ப்பகால ரத்த அழுத்தத்தைக் கவனிக்க வேண்டும். சில வாரம் எடை தூக்கக் கூடாது. எதையும் கூட்டாமல் குறைக்காமல் சொல்லிவிட்டு, ஒரு வாரம் கழித்து வரச் சொன்னோம். வந்தார். பயம் குறைந்திருந்தது, பதில் மாறவில்லை.

எது சம்மதம்?

மருத்துவ அறநெறியில் நான்கு அடிப்படைகளைச் சொல்லிக்கொடுக்கிறோம்: நோயாளியின் தன்னுரிமை, நன்மை செய்தல், தீங்கிழையாமை, நீதி. மாணவர்கள் தேர்வுக்காக இந்த நான்கையும் ஒப்பிப்பார்கள். ஒரு குடும்பம் எதிரே வந்து உட்காரும்போதுதான் இவை ஒன்றோடொன்று மோதுவது தெரியும்.

தன்னுரிமையை எடுத்துக்கொள்வோம். சம்மதம் செல்ல வேண்டும் என்றால் அவருக்கு முடிவெடுக்கும் மனத்தெளிவு இருக்க வேண்டும், விஷயம் முழுக்கப் புரிந்திருக்க வேண்டும், யாருடைய கட்டாயமும் இருக்கக் கூடாது, கடைசி நிமிடம் வரை பின்வாங்கும் உரிமையும் இருக்க வேண்டும். உறுப்பு தருபவர் கையெழுத்துப் போடும் படிவத்திலேயே, அறுவைக்கு முன் எப்போது வேண்டுமானாலும் சம்மதத்தைத் திரும்பப் பெறலாம் என்று இருக்கிறது. அந்த வரியை வாய்விட்டுப் படித்துக் காட்டுகிறவர்கள் குறைவு.

அவருக்காக வேறு யாரும் தலையாட்ட முடியாது. டெல்லியில் ஒரு பெண்ணைச் சோதனைக்காக மயக்கத்தில் வைத்திருந்தபோது, வெளியே இருந்த தாயிடம் சம்மதம் வாங்கிக் கர்ப்பப்பையையும் சினைப்பைகளையும் எடுத்துவிட்டார்கள். அந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2008-இல் தீர்ப்புச் சொன்னது. நோயாளி வயதுவந்தவர், மயக்கம் தற்காலிகமானது, உயிருக்கு உடனடி ஆபத்தும் இல்லை. அப்படியிருக்க தாயின் சம்மதம் செல்லாது என்றது. நம் ஊரில் நோயாளியோடு கூட வந்திருப்பவர் யாரோ அவரிடம் பேசி முடித்துவிடும் பழக்கம் ஆழமாக ஊறியிருக்கிறது. மாமியார் பதில் சொல்ல நாம் எழுதிக்கொள்வதும் அதே பழக்கம்தான்.

இங்கே ஒரு நியாயமான எதிர்வாதம் உண்டு. பிரிவில் மூத்த மருத்துவர் ஒருவர் சொன்னார்: "குடும்பத்துல யாருமே முழுச் சுதந்திரமா முடிவெடுக்கறதில்ல. பாசம், கடமை, ஊர் வாய் எல்லாம் சேர்ந்துதான் முடிவு. அதையெல்லாம் கட்டாயம்னு சொன்னா, இந்த ஊர்ல ஒரு கிட்னிகூட மாத்த முடியாது." அவர் சொன்னதில் பாதி எனக்குச் சம்மதம். மனதாரக் கொடுக்க வரும் மனைவிகளை நிறையப் பார்த்திருக்கிறேன். "அவரு இல்லாம நான் எதுக்கு?" என்று கேட்டுக்கொண்டு, நாங்கள் தடுத்துவிடுவோமோ என்று பயந்து வருவார்கள். அவர்களைச் சந்தேகப்படுவது அவமரியாதை. கடமை உணர்ச்சி இருக்கிறது என்பதாலேயே சம்மதம் பொய்யாகிவிடாது. ஆனால் மறுத்தால் என்ன நடக்கும் என்ற பயம் மட்டும்தான் ஒருவரை அறுவை மேசைவரை இழுத்து வருகிறது என்றால் அது வேறு. தனியாகக் கேட்ட அந்த ஒரே கேள்வி இந்த இரண்டையும் பிரித்துக் காட்டியது.

நன்மையும் தீங்கும் இந்த அறுவையில் வேறு வேறு உடம்பில் விழுகின்றன. பாஸ்டனில் 1954-இல் இரட்டைச் சகோதரர்களுக்கு இடையே முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்று நடந்தபோதே இந்தச் சங்கடம் எழுந்தது. நோயில்லாத ஒருவரைக் கிடத்தி, அவர் உடம்புக்கு எந்த லாபமும் இல்லாத அறுவையைச் செய்கிறோம். அதை நியாயப்படுத்துவது அவருடைய விருப்பம் ஒன்றுதான். அந்த விருப்பம் இல்லையென்றால் மீதி எல்லாம் சரியாக இருந்தாலும் கத்தியை எடுக்க நமக்கு உரிமை கிடையாது. அதே நேரம் கணவரின் பக்கமும் உண்மை. டயாலிசிஸில் இருப்பதைவிட மாற்றுச் சிறுநீரகத்தோடு அவர் அதிக நாள், நல்லபடியாக வாழ வாய்ப்பு அதிகம். அவருக்கான நன்மை பெரியது என்பதை யாரும் மறுக்கவில்லை.

வீட்டுக்கு என்ன சொல்வது?

இங்கேதான் எங்கள் குழு அதிக நேரம் செலவழித்தது. உள்ளபடி சொல்வது ஒரு வழி: "அவருக்கு விருப்பமில்லை." சொன்ன அன்று மாலையிலிருந்து அந்தப் பெண்ணுக்கு அந்த வீட்டில் இடமில்லை. அவர் எங்களை நம்பிச் சொன்னதை எடுத்து அவர் மேலேயே எறிவதாகும் அது. ஒருவரும் அதை ஆதரிக்கவில்லை.

இரண்டாவது வழியைப் பலர் ஆதரித்தார்கள். "ரத்தக்குழாயில சின்னப் பிரச்சினை, கிட்னி எடுக்க முடியாதுன்னு சொல்லிடுவோம்." இரக்கத்தில் சொன்ன யோசனைதான், எந்தத் தீய எண்ணமும் இல்லை. நான் இதை எதிர்த்தேன், இன்றும் எதிர்க்கிறேன். பொய்யை வாயால் சொன்னால் போதாது, கோப்பிலும் எழுத வேண்டும். நோயாளி கேட்டால் 72 மணி நேரத்தில் ஆவணம் தர வேண்டும் என்று இந்திய மருத்துவ மன்றத்தின் 2002-ஆம் ஆண்டு நடத்தை விதிகள் சொல்கின்றன. குடும்பத்தார் அவரைக் கேட்க வைத்து வாங்கலாம். வேறு இடத்தில் ஒரு ஸ்கேன் எடுத்தால் எல்லாம் நார்மல் என்று வந்துவிடும். நாளைக்கு அவர் பிரசவத்துக்கோ வேறு அறுவைக்கோ போகும்போது, இல்லாத கோளாறை நம்பி இன்னொரு மருத்துவர் முடிவெடுப்பார். அதோடு, சிறுநீரகம் என்றாலே மருத்துவமனையைச் சந்தேகத்தோடு பார்க்கும் தெருக்கள் இவை. அந்தச் சந்தேகம் எங்கிருந்து வந்தது என்று மேலே சொன்னேன். இரக்கப்பட்டுச் சொன்ன பொய் வெளியே வந்தாலும், "இவங்க ரிப்போர்ட்டை மாத்துவாங்க" என்பதுதான் மிஞ்சும்.

மூன்றாவது வழி, உண்மையை விட்டு நகராமல் காரணத்தை மட்டும் மூடுவது. குடும்பத்தை உட்காரவைத்துச் சொன்னோம்: "பரிசோதனைக்குழு இவரைக் கொடையாளராக ஏற்கவில்லை. கொடையாளரைப் பற்றிய விவரம் எதையும் நாங்கள் யாருக்கும் சொல்வதில்லை, கணவருக்கும்கூட. எல்லாக் குடும்பத்துக்கும் இதே விதிதான்." ஒவ்வொரு வாக்கியமும் உண்மை. குழு அவரை ஏற்கவில்லை. விருப்பமில்லாதவர் கொடையாளர் ஆக முடியாது என்பதால் ஏற்கவில்லை.

மாமியார் கோபப்பட்டார். "டெஸ்ட்டெல்லாம் நல்லா இருக்குன்னு அந்தப் பொண்ணு சொல்லிச்சே" என்று ரத்தம் எடுத்த செவிலியரைக் காட்டினார். அந்தப் பேச்சு எங்களுக்குச் சுருக்கென்று பட்டது. டாக்டர் மட்டும் வாயை மூடிக்கொண்டால் ரகசியம் நிற்காது. லேபில், எக்ஸ்ரே அறையில், ஸ்ட்ரெச்சர் தள்ளுகிறவரிடம், டயாலிசிஸ் டெக்னீஷியனிடம் கேட்டு வாங்கிவிடுவார்கள். எல்லோரும் ஒரே வட்டாரத்துக்காரர்கள்; தண்டையார்பேட்டையிலும் கொருக்குப்பேட்டையிலும் ஒருவருக்கொருவர் தெரிந்தவர்கள். அதற்குப் பிறகுதான் கொடையாளர் கோப்பைக் கணவர் கோப்பிலிருந்து தனியாகப் பிரித்தோம், ரிப்போர்ட்டை வாசலில் நின்று வாசிப்பதையும் நிறுத்தினோம்.

நீதி எங்கே வருகிறது?

நீதி என்றால் படுக்கை, மருந்து, காத்திருப்போர் பட்டியல் ஆகியவற்றை நியாயமாகப் பங்கிடுவது என்றுதான் பொதுவாகச் சொல்லிக்கொடுக்கிறோம். அது சரிதான். இந்த நிகழ்வில் என்னை அதிகம் உறுத்தியது தம்பியின் மறுப்பு. "சம்பாதிக்கிறவர்" என்ற ஒரு சொல்லில் அவர் வெளியே வந்துவிட்டார். அவருக்கு அந்த உரிமை உண்டு, அதில் எனக்கு மாற்றுக்கருத்தே இல்லை. விடியற்காலையில் எழுந்து இறால் உரித்து வீட்டை ஓட்டிக்கொண்டிருந்தவரும் சம்பாதிக்கிறவர்தான். அவருக்கு ஏன் அதே வாசல் திறக்கவில்லை? எங்கள் குழுவிலேயே அந்தக் கேள்வி வெகுநேரம் எழவில்லை. தம்பி மறுத்தது கோப்பில் ஒரு வரி. மனைவி மறுக்கக்கூடும் என்று தெரிந்தபோது அது "பிரச்சினை".

கணவருக்கு மிச்சமிருந்த வழி, மூளைச்சாவு அடைந்தவர்களிடமிருந்து கிடைக்கும் சிறுநீரகம். தமிழ்நாட்டில் 2008 முதல் அதற்கென முறையான திட்டம் இருக்கிறது, மாநில அளவில் பட்டியலும் உண்டு. அவர் பெயரைப் பதிவு செய்தோம். காத்திருப்பு நீளமானது. அந்தக் காத்திருப்பின் பாரம் அவர் உடம்பில்தான் இறங்குகிறது, இதை மறைத்து நாங்கள் செய்ததை அழகாகக் காட்ட நான் விரும்பவில்லை. மனைவியின் "வேணாம்" சரியானது, கணவரின் இழப்பும் உண்மையானது.

பிறகு

கணவர் ஒருநாள் டயாலிசிஸ் நடந்துகொண்டிருக்கும்போது என்னைக் கூப்பிட்டுக் கேட்டார். "மேடம், அவ வேணாம்னு சொல்லிட்டாளா?" சொல்ல மாட்டோம் என்று முன்பே சொன்னதைத் திரும்பச் சொன்னேன். கொஞ்ச நேரம் கழித்து, "சரி, சொல்லாதீங்க. எனக்கும் அவளைக் கீற மனசில்ல. அம்மாகிட்ட சொல்ல முடியல" என்றார்.

இவ்வளவு நாளில் அவரை யாரும் தனியாகக் கேட்டதில்லை. மனைவியிடமிருந்து வாங்கிக்கொள்ள அவருக்கு மனதாரச் சம்மதமா என்று ஒரு கேள்வி எங்கள் நடைமுறையில் இருக்கவில்லை. கொடுப்பவரின் விருப்பத்தைப் போலவே பெறுபவரின் விருப்பமும் தன்னுரிமைதான். "இவங்ககிட்ட வேணாம்" என்று சொல்ல அவருக்கும் உரிமை உண்டு.

இப்போது எங்கள் பிரிவில் வரிசை மாறியிருக்கிறது. குடும்பம் முதல் தடவை வரும் அன்றே, பரிசோதனை எதுவும் தொடங்குவதற்கு முன், எல்லோரையும் ஒன்றாக வைத்துச் சொல்லிவிடுகிறோம்: கொடையாளர் எப்போது வேண்டுமானாலும் நின்றுகொள்ளலாம், அப்படி நின்றால் காரணம் வெளியே வராது. முன்கூட்டியே எல்லோருக்கும் சொல்வதால், பின்னால் ஒருவரை ஏற்காதபோது அது அவரைச் சுட்டிக் காட்டுவதில்லை; உடம்பில் ஏதோ இருக்கலாம், வேறு எதுவாகவும் இருக்கலாம். அப்புறம் கொடுப்பவரிடமும் பெறுபவரிடமும் தனித்தனியாக, வேறு வேறு நாளில் பேசுகிறோம். கொடுப்பவருக்கென்று தனி மருத்துவர். அவர் பெறுபவரின் சிகிச்சையில் கைவைப்பதில்லை.

இதனால் கொடையாளர்கள் குறைவார்கள் என்று அந்த மூத்த மருத்துவர் இன்னும் சொல்கிறார். குறையலாம். ஆனால் "வேண்டாம்" என்று சொல்ல வழி இருக்கிறது என்று தெரிந்தபின், வீட்டுக்குப் போய் யோசித்து, "நானே குடுக்கிறேன்" என்று திரும்பி வந்தவர்களும் இருக்கிறார்கள். அவர்களோடு அறுவை அரங்கு வரை போகும்போது எனக்கு மனதில் எந்த நெருடலும் இருப்பதில்லை.

அந்தக் கணவர் இன்னும் பட்டியலில் இருக்கிறார். ரத்த அழுத்தம் கட்டுக்குள் வந்திருக்கிறது. டயாலிசிஸ் இல்லாத நாட்களில் கரையில் உட்கார்ந்து பையன்களுக்கு எஞ்சின் வேலை சொல்லிக்கொடுக்கிறார். மாமியார் என்னோடு பேசுவதில்லை. மனைவி மாதம் ஒருமுறை ஆலோசகரைப் பார்க்க வருகிறார், அதற்குத் தனிச் சீட்டு, தனி நேரம். கணவரின் கோப்பில் அது பதிவாவதில்லை.